கண்ணதாசனின் முதல் பத்தாண்டுப் பாடல்களையும் இசைத்தட்டுகளையும் முறையாகத் தொகுப்பது எப்படி

ஒரு திரைப்பாடலாசிரியரின் தொடக்ககாலப் பணியைத் தொகுக்க உட்காரும் எவரையும் முதலில் தடுமாற வைப்பது "முதல் பாட்டு" என்ற சொல்தான். பாட்டு எழுதப்பட்ட நாள் ஒன்று, ஒலிப்பதிவு நடந்த நாள் வேறொன்று, இசைத்தட்டு கடைக்கு வந்த நாள் மற்றொன்று, படம் திரையரங்கில் வெளியான நாள் இன்னொன்று. இந்த நான்கையும் ஒரே கட்டத்தில் போட்டு ஓர் ஆண்டை மட்டும் எழுதி வைப்பதால்தான், நம்மிடையே உலவும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே தொகுப்பைத் தொடங்குமுன் இந்த நான்கிற்கும் தனித்தனிக் கட்டங்களை வகுத்துக்கொள்ள வேண்டும். எது தெரிகிறதோ அதை மட்டும் நிரப்பி, மற்றவற்றை வெற்றிடமாகவே விட்டுவைக்க வேண்டும். வெற்றிடம் குறையன்று, ஊகத்தால் நிரப்பப்பட்ட கட்டம்தான் பிற்பாடு பெருந்தொல்லை தரும்.

இதற்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அவர் திரைக்கென முதலில் பாட்டெழுதியது "படித்த பெண்" படத்துக்கு. அந்தப் படமோ 1956இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1955இல், அவருடைய பாடல்களைத் தாங்கிய "மகேஸ்வரி" திரைக்கு வந்துவிட்டது. முதல் படம் எது என்று கேட்டால் இரண்டு விடைகளும் சரியானவையே. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று குறிக்காமல் விட்டால் இரண்டுமே தவறாகிவிடும்.

இந்தக் கட்டுரையில் கண்ணதாசனை முன்வைத்து வழிமுறையை விளக்குகிறேன். சிறுகூடல்பட்டியில் 1927 ஜூன் 24 அன்று முத்தையா என்ற இயற்பெயரோடு பிறந்த அவர், 1949இல் ஜூபிடர் பிக்சர்ஸின் "கன்னியின் காதலி" படத்தில் "கலங்காதிரு மனமே" என்ற பாடலின் வழியே திரைப்பாடலாசிரியரானார். அங்கிருந்து 1959 வரையிலான பத்தாண்டுகள்தான் தொகுப்பவருக்குக் கடினமானவை. 1961இல் "பாவமன்னிப்பு", "பாசமலர்" போன்ற படங்கள் வந்தபின் ஒரு படத்தின் பாடல்கள் அனைத்தையும் அவரே எழுதுவது வழக்கமாகிவிட்டதால், படத்தின் பெயர் தெரிந்தாலே பாடலாசிரியர் பெயரும் தெரிந்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரே படத்துக்கு மூன்று, நான்கு, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட கவிஞர்கள் எழுதினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவருடைய பாடல்களைப் பிரித்தெடுப்பதே நம் வேலை.

எல்லையை வகுத்தல்

வேலையைத் தொடங்குமுன், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணதாசன் பாடலாசிரியர் மட்டுமல்லர். வசனம் எழுதியிருக்கிறார், பத்திரிகை நடத்தியிருக்கிறார், படம் தயாரித்திருக்கிறார். "நாடோடி மன்னன்" (1958) படத்துக்கு ரவீந்தருடன் இணைந்து வசனம் எழுதியவர் அவர். ஆனால் அதில் வரும் "தூங்காதே தம்பி தூங்காதே" பட்டுக்கோட்டையாருடையது, "கண்ணில் வந்து மின்னல்போல்" சுரதாவுடையது. டைட்டிலில் ஒரு கவிஞரின் பெயரைக் கண்டவுடன் அந்தப் படத்துப் பாடல்களையும் அவர் கணக்கில் எழுதிவிடும் தவறு இங்கேதான் நேர்கிறது. ஆகவே வசனத்துக்கு ஒரு பட்டியல், பாடலுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியே வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

திரைக்கு வெளியே வந்த பாடல்களையும் மறந்துவிடக் கூடாது. வாலியின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அவருடைய கணக்கு 1959இல் "அழகர்மலைக் கள்வன்" படத்தில் தொடங்குகிறது. ஆனால் "கற்பனை என்றாலும் கற்சிலை என்றாலும்" என்ற முருகன் பாடலை ஓர் அஞ்சலட்டையில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார் என்பதும், டி.எம்.எஸ். அதற்குத் தாமே மெட்டமைத்துப் பாடினார் என்பதும் அவருடைய வாழ்க்கையின் புகழ்பெற்ற பகுதிகள். திரைப்படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறவர் இந்தப் பாடலைச் சந்திக்கவே மாட்டார். தனிப்பாடல், நாடகப்பாடல், கட்சி மேடைப்பாடல் ஆகியவற்றுக்கு ஒரு தனித் தாளேனும் ஒதுக்கி வையுங்கள்.

புனைபெயர்களையும் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். காரை முத்துப்புலவர், வணங்காமுடி, கமகப்பிரியா, பார்வதிநாதன், ஆரோக்கியசாமி எனக் கண்ணதாசன் பல பெயர்களில் எழுதியிருக்கிறார். பழைய இதழ்களைப் புரட்டும்போது இந்தப் பெயர்கள் மனத்தில் இல்லையென்றால், தேடிய பொருள் கண்முன்னே கிடந்தும் கை நழுவிப் போகும்.

பாட்டுப் புத்தகத்தைப் படிக்கும் முறை

படம் பார்க்க வந்தவர்களுக்குக் கொட்டகை வாசலில் சில அணாக்களுக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம்தான் இந்தத் தொகுப்புக்கு முதுகெலும்பு என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய தாளில் அச்சான அந்தச் சிறு புத்தகத்தில் நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள் ஆகியவை இருக்கும். கதைச் சுருக்கம் பெரும்பாலும் "முடிவை வெள்ளித்திரையில் காண்க" என்ற போக்கில் நின்றுவிடும். அதைக் கடந்து பாடல் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பாடலின் தலைப்பிலோ முடிவிலோ இயற்றியவர் பெயர் தனியே இருந்தால் அதுவே முதல்தரச் சான்று. ஆனால் பல புத்தகங்களில் முன்பக்கத்தில் "பாடல்கள்" என்ற சொல்லுக்கு எதிரே எல்லாக் கவிஞர்களின் பெயர்களும் ஒரே வரியில் அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பாட்டு யாருடையது என்பதற்கு உள்ளே ஒரு குறிப்பும் இராது. அப்படிப்பட்ட புத்தகம், "இந்தப் படத்தில் கண்ணதாசன் பாட்டு உண்டு" என்பதற்கு மட்டுமே சான்றாகும்; "இந்தப் பாட்டு கண்ணதாசனுடையது" என்பதற்குச் சான்றாகாது. இந்த வேறுபாட்டைத் தொகுப்பின் கடைசி வரிவரை கைவிடாதீர்கள்.

பாட்டுப் புத்தகத்துக்கு இன்னொரு இயல்பும் உண்டு. படம் வெளியாகும் நாளுக்குள் கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, படத்தின் இறுதி வெட்டு முடியுமுன்பே அச்சுக்குப் போனவை பல. ஆகையால் புத்தகத்தில் இருக்கும் பாட்டு படத்தில் இல்லாமல் போகலாம். தணிக்கைக்குப் பின் ஒரு சொல் மாறியிருக்கலாம். இரண்டாம் சரணம் திரையில் காணாமல் போயிருக்கலாம். புத்தகத்தின் வரிகளையும் ஒலியில் கேட்கும் வரிகளையும் ஒன்றாக்கிச் "சரியான" பாடம் ஒன்றை உண்டாக்க முயல வேண்டாம். இரண்டையும் தனித்தனியே எழுதி, வேறுபடும் இடத்தில் ஒரு குறி இட்டால் போதும்.

இந்தப் புத்தகங்களைத் தேடுவதற்குச் சிறந்த இடம் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவராகச் சேர்த்து வைத்த பெருந்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் அது தொடங்கப்பட்டது. பிறந்த ஊரையே கணக்கிட்டால், கண்ணதாசனுக்கு அண்டை வீட்டுக்காரரின் அலமாரி என்றே அதைச் சொல்லலாம். புனேயில் 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் பாட்டுப் புத்தகங்கள் உள்ளன. 1942இல் தொடங்கிய "பேசும் படம்" போன்ற அக்காலச் சினிமா இதழ்களின் விளம்பரப் பக்கங்களும் விமரிசனங்களும் வெளியீட்டு நாளை உறுதி செய்யப் பயன்படும். படங்களின் அடிப்படை விவரங்களுக்குப் பிலிம் நியூஸ் ஆனந்தன் தம் வாழ்நாளெல்லாம் உழைத்துத் திரட்டிய திரைப்பட வரலாற்றுத் தொகுப்பை முதலில் புரட்டுங்கள்; அதில் படத்துக்குரிய பாடலாசிரியர்களின் பெயர்களைக் கண்டுகொண்டு, பிறகு பாட்டுவாரியான தேடலில் இறங்கலாம்.

உங்கள் கைக்கே பாட்டுப் புத்தகங்கள் வந்து சேர்ந்தால், அவற்றைப் பைண்டு செய்ய வேண்டாம். நான் சேர்த்த இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்களை ஒரே கட்டாகப் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். ஓரங்களைச் சமமாக வெட்டியபோது பின்னட்டையின் அடிவிளிம்பில் சின்ன எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர்களும் படிகளின் எண்ணிக்கையும் பல புத்தகங்களில் போய்விட்டன. எந்தப் பதிப்பு முந்தியது என்று சொல்ல உதவியிருக்கக்கூடிய ஒரே தடயம் அதுதான். அமிலமில்லாத தாளுறைக்குள் ஒவ்வொன்றையும் தனியே படுக்கவைப்பதே நல்லது.

இசைத்தட்டை வாசித்தல்

அடுத்து இசைத்தட்டு. 1950களின் தமிழ்த் திரைப்பாடல்கள் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பத்து அங்குல அரக்குத் தட்டுகளாகவே வீடுகளுக்கு வந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் நிறுவனத்தின் சின்னம், பாட்டின் முதல் அடி, படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைப்பாளர் பெயர், ஒரு பட்டியல் எண் ஆகியவை இருக்கும். பாடலாசிரியர் பெயரைத் தேடினால் பல தட்டுகளில் ஏமாற்றமே மிஞ்சும். பாட்டை எழுதியவனின் பெயரை எழுத அந்தச் சிறு வட்டத் தாளில் இடமில்லாமல் போனதுதான், இன்றைய பெயர்க் குழப்பங்களில் பாதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இது வருந்தத்தக்கது.

இப்போது தாளைவிட்டுக் கண்ணை வெளியே நகர்த்துங்கள். கடைசி வரிப்பள்ளம் முடிந்து தாள் தொடங்கும் வரையுள்ள வழவழப்பான வளையத்தில், அரக்கிலேயே அழுந்திய சிறு எழுத்துகளும் எண்களும் தெரியும். தாளில் இருப்பது விற்பனைக்கான எண். வளையத்தில் இருப்பது அந்தப் பக்கத்தின் மூலப்பதிவுக்கான எண். விற்பனை எண் தட்டுக்கு ஒன்று. மூலப்பதிவு எண் பக்கத்துக்கு ஒன்று. ஒரு படத்தின் பாடல்களில் நான்கைந்து பக்கங்களின் மூலப்பதிவு எண்கள் அடுத்தடுத்து வந்தால், அவை இசைத்தட்டு நிறுவனத்தின் கையில் ஒரே காலத்தில் ஏறியவை என்று கொள்ள நியாயம் உண்டு. ஒரே ஒரு பாட்டின் எண் மட்டும் வெகுதூரம் விலகி நின்றால், அது பின்னர்ச் சேர்ந்ததா அல்லது மறுபதிவா என்று கேட்க வேண்டும். எழுதப்பட்ட நாள் குறித்து யாரும் குறிப்பு வைக்காத பாடல்களுக்கு இந்த எண்கள்தான் காலவரிசை தரும். ஆகவே இரண்டு எண்களையும், ஓர் எழுத்தையும் விடாமல், இடைவெளி உட்பட இருப்பது இருந்தபடியே படியெடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பென்சிலும் மெல்லிய தாளும் கொண்டு தேய்த்துப் படியெடுக்க வேண்டாம். பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்துப் புகைப்படம் எடுத்தால் எழுத்துகள் நிழலோடு எழுந்து தெரியும்.

தட்டின் பாட்டும் படத்தின் பாட்டும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. படத்தில் ஐந்து நிமிடம் ஓடும் பாட்டைத் தட்டில் இரு பாகமாகப் பிரித்திருப்பார்கள், அல்லது ஒரு சரணத்தையும் இடையிசையையும் விட்டுச் சுருக்கியிருப்பார்கள். பழைய படங்களில் தட்டுக்கென்றே தனியே பாடிப் பதிந்ததும் உண்டு. அடுத்து வந்த 45 சுற்றுச் சிறுதட்டும் நெடுந்தட்டும் அதே பாட்டைப் புதிய எண்ணோடு வெளியிட்டன. தொடக்ககாலப் பதிவைத் தேடுபவருக்கு 78தான் மூலம். மற்றவை மறுவெளியீடு என்று தனிக்கட்டத்தில் குறியுங்கள்.

முதல் அடியை எழுதும்போது ஒரு சிறு விதியை உறுதியாகக் கைக்கொள்ள வேண்டும். தொகையறாவோடு, அதாவது பல்லவிக்கு முன் தாளமின்றிப் பாடும் அடிகளோடு, தொடங்கும் பாடல்களுக்கு இரண்டு முதல் அடிகள் உண்டு. கண்ணதாசனே தயாரித்த "மாலையிட்ட மங்கை" (1958) படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடிய பாடலைத் தட்டும் மக்களும் "செந்தமிழ்த் தேன்மொழியாள்" என்றே அறிவார்கள். ஆனால் காதில் முதலில் விழுவது "சில்லென்று பூத்த" என்று எழும் தொகையறா. ஒருவர் தொகையறாவின் கீழும் மற்றவர் பல்லவியின் கீழும் பதிந்தால் ஒரே பாட்டு இரண்டாக எண்ணப்பட்டுவிடும். தொகையறாவுக்கு ஒரு கட்டம், பல்லவிக்கு ஒரு கட்டம் என வைத்து, அகரவரிசையைப் பல்லவியின்படியே அமைப்பது நலம். சந்தி எழுதுவதிலும் கிரந்த எழுத்திலும் தட்டுக்குத் தட்டு வேறுபாடு இருப்பதால், தட்டில் உள்ளபடி ஒருமுறையும் நீங்கள் தேர்ந்த சீர்முறையில் ஒருமுறையும் எழுதிவிடுங்கள்.

பெயரை உறுதி செய்தல்

பாட்டுப் புத்தகம் மௌனமாக இருந்து, தட்டும் மௌனமாக இருந்தால் என்ன செய்வது? கவிஞரின் திரைப்பாடல் தொகுதிகளைப் பாருங்கள். அவர் உயிரோடு இருந்தபோதே அச்சான பதிப்புக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். அடுத்து அவருடைய தன்வரலாறு. "வனவாசம்" அரசியல் வாழ்வோடு திரைவாழ்வின் தொடக்கத்தையும் சொல்லும் நூல். அதில் கண்ணதாசன் தம்மையே "அவன்" என்று படர்க்கையில் குறிப்பிடுவதால், பொருளடைவு தயாரிக்கும்போது அந்தச் சொல்லைப் பின்தொடர வேண்டியிருக்கும். தன்வரலாறு நிகழ்ச்சிகளுக்கு நல்ல சாட்சி, நாள்களுக்கு அத்துணை நல்ல சாட்சி அன்று. ஆகவே அதிலிருந்து எடுக்கும் ஆண்டுகளைப் படத்தின் வெளியீட்டு விளம்பரத்தோடு ஒப்பிட்ட பிறகே பதியுங்கள்.

நடையை வைத்து ஆசிரியரைத் தீர்மானிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். "படகோட்டி" (1964) படத்தின் பாடல்கள் முழுவதும் வாலி எழுதியவை. இருந்தும் அவற்றைக் கண்ணதாசன் பாடல்கள் என்று ஆணையிட்டுச் சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். ஒரே இசையமைப்பாளர், ஒரே பாடகர், ஒரே நாயகன் என்று அமைந்துவிட்டால் மெட்டின் சாயல் சொல்லின் சாயலாகத் தோன்றும். இணையத்தில் ஏற்றப்பட்ட பாடல்களின் தலைப்புகளையும் இதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும்; ஒருவர் எழுதியதை நூறு பேர் படியெடுத்தால் அது நூறு சான்று ஆகிவிடாது. படத்தின் நல்ல பிரதி கிடைத்தால் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு சட்டத்தையும் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே சான்றின் தரத்தைக் குறிக்க மூன்று எழுத்துகள் போதும். பாட்டுவாரியாகப் பெயர் அச்சானால் "அ". கவிஞரின் தொகுதியிலோ தன்வரலாற்றிலோ மட்டும் இருந்தால் "ஆ". பிறர் சொன்னது மட்டும் என்றால் "இ". "இ" குறியிட்ட பாடல்களை மொத்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

ஒலியைக் காப்பது

அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது. அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் போதும், தாள் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டுகளை அடுக்கிப் படுக்கவைக்காமல், செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். ஒலியை எடுக்கும்போது 78 தட்டுக்குரிய ஊசியையே பொருத்துங்கள். அதன் முனை ஏறத்தாழ 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நெடுந்தட்டின் ஊசிமுனை 1 மில் அல்லது அதற்கும் குறைவு. நெடுந்தட்டு ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் தரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் இரைச்சலை நீக்காத மூலக் கோப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, சுத்திகரிப்பைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். கோப்பின் பெயரில் மூலப்பதிவு எண் இருக்கட்டும். பாட்டின் பெயரை மட்டும் வைத்தால் இரண்டு பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

தொகுப்பை வெளியிடுமுன் உரிமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1949இல் வெளியான தட்டின் ஒலிக்கு அது 2009 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடல் வரிகளின் உரிமை ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். கண்ணதாசன் 1981 அக்டோபர் 17 அன்று மறைந்தார். அந்தக் கணக்கில் வரிகளின் உரிமை 2041 முடியும்வரை நிற்கிறது. ஆகவே முதல் அடி, எண்கள், பெயர்கள், நாள்கள் ஆகியவற்றைப் பட்டியலாகத் தாராளமாக வெளியிடலாம். பாடலை முழுமையாக அச்சிட உரிமையாளரின் இசைவு வேண்டும்.

தொகுப்பை ஒருமுறை முடித்ததும் முதல் வரியான "கலங்காதிரு மனமே" பாடலுக்குத் திரும்பி, பாடியவர், இசையமைப்பாளர், இரண்டு எண்கள், சான்றின் எழுத்து ஆகிய ஒவ்வொரு கட்டத்தையும் நினைவிலிருந்து நிரப்பினோமா, பொருளைக் கண்ணால் பார்த்து நிரப்பினோமா என்று சரிபாருங்கள். அந்தப் படத்துக்கு எஸ்.எம். சுப்பையா நாயுடு, சி.ஆர். சுப்பராமன் என இருவர் இசையமைத்ததால், இசையமைப்பாளர் கட்டத்தில் ஒரே பெயரை எழுதியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தட்டிலோ புத்தகத்திலோ ஆதாரம் இருக்க வேண்டும். பார்த்த நாளையும் பார்த்த இடத்தையும் கடைசிக் கட்டத்தில் எழுதி, திருத்தம் செய்யும்போது பழைய பதிவை அழிக்காமல் அதன் கீழேயே புதியதை எழுதுங்கள்.